அப்பா ஒட்டிக் கொடுத்த மேசை

மெராந்தி மரத்தை இழைக்கும்போது வரும் வாசம்... பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், அம்மாவின் மீன் குழம்பையும் மீறி எங்கள் வீட்டில் அதுதான் நிற்கும்.

அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. லீவு நாள் வந்தால் உளியும் கொட்டாப்புளியும்தான். சுவரில் தொங்கும் சிலுவையைத் தவிர வீட்டில் மற்றதெல்லாம் இவர் செய்ததுதான் என்று அம்மா கேலி செய்வார்.

அப்பா செய்த எதிலும் ஆணி இருக்காது, ஒட்டுகிற கம்மும் இருக்காது. ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு. செருகி, வெளியே ஓர் ஆப்பு. அவ்வளவுதான்.

ரயில்வேக்காரனுக்கு எப்போது மாற்றல் வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்தால் ஆப்பைத் தட்டிக் கழற்றி, கயிறு போட்டுக் கட்டி லோரியில் ஏற்றிவிடலாம். கிம்மாஸ், ஈப்போ, சிரம்பான்... ஊர்தான் மாறும். கட்டிலும் மேசையும் எங்களோடு வந்துவிடும்.

ஒரே தொல்லை, ஆப்பு தளர்ந்தால் மேசை ஆடும். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ரயில் போனால் இன்னும் ஆடும். டீ சாசரில் கொட்டும். தம்பி மேசைக் காலை மிதித்துக்கொண்டுதான் சாப்பிடுவான். நான் அவனை எட்டி உதைப்பேன், குழம்பு சாயும், இரண்டு பேருக்கும் அடி விழும்.

பிரிக்பீல்ட்ஸ்தான் கடைசி, இனி மாற்றல் கிடையாது என்று அப்பா சொன்ன அன்று அம்மா பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் கூடாரம் போட்ட மாதிரி குடித்தனம் நடத்தியாச்சு, ஒரு மேசையாவது ஆடாமல் வேண்டும் என்றார். ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாதே என்று அப்பா முனகினார்.

"எதுக்குப் பிரிக்கணும்? இனிமே எங்க போகப் போறோம்?"

அம்மா அப்படிக் கேட்டதும் அப்பா வேலையில் இறங்கினார். மேசையைப் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் கம் ஊற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, பல நாள் யாரையும் பக்கத்தில் விடவில்லை.

கயிற்றை அவிழ்த்த அன்று அம்மா ஒரு கிளாஸில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்துவிட்டு ரயிலுக்காகக் காத்திருந்தார். ரயில் போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை. அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அப்பாவும் அம்மாவும் மாற்றலைப் பற்றி மட்டும்தான் யோசித்தார்கள். ரிட்டையர் ஆனாலும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே, அது உறைக்கவே இல்லை. காலமெல்லாம் ரயில்வே வீட்டிலேயே வாழ்ந்தவர்கள் இதைப் போய் மறப்பார்களா? மறந்தார்கள்.

கிள்ளானில் வாடகை வீடு பார்த்தாச்சு. லோரி வாசலில் நின்றது. கட்டில் பிரிந்தது, அலமாரி பிரிந்தது. மேசை மட்டும் நடை திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டது. உள்ளே வரும்போது துண்டு துண்டாக வந்த மேசைதானே! சாய்த்தோம், நிமிர்த்தினோம், கிரில் கதவைக்கூடக் கழற்றிப் பார்த்தோம். ம்ஹூம். அடுத்த டிரிப் இருக்கு அங்கிள் என்று லோரிக்காரர் அவசரப்படுத்தினார்.

அப்பா கொட்டாப்புளியால் கால்களைத் தட்டினார். பிறகு ஓங்கி அடித்தார். அசையவில்லை.

"நல்லாத்தான் ஒட்டியிருக்கேன், லில்லி" என்று சமையலறைப் பக்கம் பார்த்து அம்மாவிடம் சொன்னார்.

ரம்பத்தை எடுத்து நான்கு கால்களையும் அவரே அறுத்தார். அம்மா சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. ஏற்கெனவே துடைத்த அடுப்புத் திட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிள்ளானுக்கு மேல்பலகை மட்டும்தான் வந்தது. புதுக் கால் போடலாம், போடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் பார்வை மங்கியது... பிறகு அவரும் போய்விட்டார். பலகை சுவரில் சாய்ந்தபடியே கிடந்து கரையான் அரித்தது.

குவார்ட்டர்ஸைவிட்டு வந்ததிலிருந்து அம்மா எந்த மேசையிலும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. கல்யாண வீடாக இருந்தாலும் ஓரமாக ஒரு நாற்காலி, மடியில் தட்டு.

இப்போது கிள்ளானிலேயே சொந்த அபார்ட்மெண்ட். போன வாரம் தம்பி ஆன்லைனில் ஒரு டேபிள் வரவழைத்து, டீ ஆறுவதற்குள் ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டான். ஆடவும் ஆடாது, வேண்டுமென்றால் கழற்றவும் கழற்றலாம். அப்பா கேட்டதும் அம்மா கேட்டதும் இன்றைக்கு ஒரே அட்டைப் பெட்டியில் வருகிறது. கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

அம்மா ஓரத்தைத் தடவிப் பார்த்து, நல்லா இருக்கு என்றார். சோறு போட்டதும் தட்டைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டே விட்டேன். அப்பா ஒரு நாளாவது உன்னைக் குறை சொன்னாரா, பிறகு ஏன் இப்படி என்று.

அம்மா என்னைப் பார்க்காமல், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அதான் சொல்லலையே. ஒரே ஒரு வாட்டி திட்டியிருந்தார்னா, நானும் பதிலுக்குக் கத்திட்டு டேபிள்ல வந்து உக்காந்திருப்பேன் லா."