சேலை காயட்டும், வாரோம்

சின்னம்மாவும் சின்னய்யாவும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பக்கத்தில் அவள் புருஷன் சின்னய்யா வெள்ளை முழுக்கைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சட்டைப்பை மட்டும் எதையோ விழுங்கியதுபோல் புடைத்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை.

தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பெண்கள் கடல்பாசி எடுக்க இறங்கத் தொடங்கிய காலம் அது. தண்ணீருக்குள் முங்கினால் சேலை மேலே எழும்பிவிடும், பாறை உடம்பைக் கீறும். அதனால் புருஷன் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் முங்குவார்கள். கடலுக்குள் அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கரையேறியதும் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். சின்னம்மா கழற்றவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு, எங்களுக்கு வாங்கிய கடலைப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கடைத்தெரு வழியே கைவீசி நடந்து வருவாள். அந்த நடை எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

ஊர்ப் பெரியவர் சின்னய்யாவைக் கூப்பிட்டுவிட்டார். "ஏலே, ஒம் பொண்டாட்டி ஆம்பளைச் சட்டையோட தெருவுல வாரா. கரையேறுனா கழத்திரணும். இல்லாட்டி பாசிக்குப் போறத நிறுத்து."

சின்னய்யா வாயில்லாப் பூச்சி. தலையை ஆட்டிவிட்டு வந்தார். சின்னம்மாவுக்கோ கடலுக்குப் போகாவிட்டால் சோறு இறங்காது. "ஈரச் சேலை ஒடம்போட ஒட்டிக் கெடக்க, அத்தன கண்ணுக்கு முன்னால நடந்து வாரதுதான் பொம்பளைக்கு லட்சணமாக்கும்?" என்று பொருமினாள்.

மறுநாள் கரையேறியவள் பெரியவர் சொன்னபடியே சட்டையைக் கழற்றினாள். ஆனால் வீட்டுக்கு வரவில்லை. வள்ளத்தின் மறைவில் மணலில் உட்கார்ந்துவிட்டாள். கூடப் போன பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் பெரியவரின் மருமகளும் ஒருத்தி. "சேலை காயட்டும், வாரோம்" என்று ஊருக்குள் சொல்லியனுப்பினார்கள். சேலை காய்கிறது என்று தெரிந்ததும் சின்னம்மா எழுந்து போய், கால் கழுவுகிற சாக்கில் ஒரு முங்கு போட்டுவிட்டு வந்தாள். மற்றவர்களும் அப்படியே. கரையெல்லாம் ஒரே சிரிப்பு. ஊரில் ஓர் அடுப்பும் புகையவில்லை.

பொழுது சாயும்போது பெரியவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் வந்து நின்றார். "சட்டையப் போட்டுட்டாவது வந்து ஒலை வைங்கத்தா!"

அன்று கடைத்தெருவில் பெண்கள் சட்டையும் சேலையுமாகக் கூட்டமாய் நடந்து வந்தார்கள். எத்தனையோ தேர், சப்பரம் பார்த்துவிட்டேன். எனக்கு அதுதான் ஊர்வலம்.

இன்று என் மகள் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அதற்கு அவள் யாரையும் கேட்பதில்லை. போன வாரம் அவளும் போட்டோவைப் பார்த்துக் கேட்டாள்: "சின்னத்தாத்தா சட்டைப்பையில என்னம்மா?"

"கடலைப் பொட்டலம். அது அவரு சட்டையில்லடி. போட்டோவுக்குன்னு சின்னம்மாகிட்ட இரவல் வாங்குனாரு. பையில மட்டும் கை வைக்கப்படாதுன்னு சொல்லித்தான் குடுத்தா."