இடக்கோடிக் குதிரை

மனாசியாஸ் பழைய கிரேக்கத்தில், எலிஸ் ஊர்த் தேரோட்டி. ஒலிம்பியாவின் பந்தயத் திடலில், திருப்பத்தில் குதிரைகளை மிரட்டும் பேய் ஒன்று இருப்பதாக ஊரே நம்பியது.

"பேயாவது பிசாசாவது! நிழலப் பாத்து மிரளுதுங்க" என்பான் இவன். ஆனால் பந்தயத்தன்று காலையில் அந்தப் பேயின் பீடத்தில் பார்லி அடை வைக்க ஒருமுறைகூட மறந்ததில்லை.

அவன் ஓட்டும் குதிரைகள் நிகாரெட்டா என்ற விதவையுடையவை. நான்கில் இடக்கோடியில் ஓடும் கெலைனாவுக்கு வயதாகிவிட்டது.

"இந்தத் தடவ தோத்தா அவள மாவு அரைக்கிற கல்லுல கட்டிருவேன்" என்றாள் நிகாரெட்டா.

"அம்மா, திருப்பத்துல தேரத் திருப்புறதே அவதான். நான் தொத்திக்கிட்டுப் போறவன்."

"அப்ப உனக்கு எதுக்குய்யா தீனி போடுறேன்?"

பெண்கள் குதிரை வைத்திருக்கலாம். அது ஓடுவதைப் பார்க்கக் கூடாது. எனவே பந்தயத்தன்று அவள் அல்ஃபெயோஸ் ஆற்றுக்கு அக்கரையில் உட்கார்ந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் ஊர்க்காரனான நான் இக்கரையில், மேட்டுக் கூட்டத்தில் நின்றேன்.

கடைசித் திருப்பத்தில் முன்னால் போன இரண்டு தேர்கள் சக்கரம் கோத்துக்கொண்டு சரிந்தன. புழுதி எழுந்து எல்லாவற்றையும் மூடியது. அதற்குள் மனாசியாஸின் தேர் புகுந்தது. பக்கத்தில் நின்றவன் வாயில் போட்ட அத்திப்பழத்தை மெல்லவில்லை.

புழுதியிலிருந்து முதலில் வெளிப்பட்டது கெலைனாவின் தலை. இடப்பக்கம் திருப்பத்தைக் காட்டும் எல்லைக் கல்லை உரசிவிடுவது போல ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்தாள்; மற்ற மூன்றும் ஒரு பெரிய பறவையின் சிறகு விரிவதைப் போல அவளைச் சுற்றி வந்தன.

வெற்றி குதிரையின் சொந்தக்காரருக்குத்தான். நிகாரெட்டா வர முடியாததால் ஆலிவ் இலைக் கிரீடத்தை அவளுடைய அண்ணன் மகன் பிதோனுக்குச் சூட்டினார்கள். குதிரை கனைத்தாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிறவன் அவன். ஓட்டியவனுக்குத் தலையில் கட்ட ஒரு கம்பளி நாடா மட்டும்.

மனாசியாஸ் பிதோனிடமிருந்து கிரீடத்தை வாங்கிக்கொண்டு குதிரைகளோடு ஆற்றைக் கடந்தான்.

"ஜெயிச்சது யாரு?"

"நீங்கதாம்மா."

"எப்படிய்யா திருப்பின?"

மனாசியாஸ் கெலைனாவின் பிடரியில் படிந்த புழுதியைத் தட்டினான்.

"தெரியலம்மா. பயத்துல கண்ண மூடிக்கிட்டு கடிவாள வார விட்டுட்டேன்."

அவள் கிரீடத்தைக் கெலைனாவிடம் கொண்டுபோனாள். காதில் மாட்டுவதற்குள் கெலைனா இலைகளைத் தின்னத் தொடங்கினாள்.

"தின்னட்டும் விடு."

"அந்த மாவுக்கல்லு?"

"அதுல உன்னக் கட்டுறேன்."

அதற்குப் பிறகு மனாசியாஸ் பேயின் பீடத்துப் பக்கம் போகவில்லை. ஒவ்வொரு பந்தயத்தன்றும் காலையில் அடையைக் கெலைனாவுக்கு ஊட்டினான். சாமி, பூதம் எதையும் நம்பாத அவன், ஊட்டும்போது கண்ணை மூடிக்கொள்வான்.