வலி இல்லை என்று சொன்ன நாள்

அறுபதுகளின் நடுவில் செஞ்சி கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலையில் இருந்தேன். அனந்தபுரம் சந்தைக்காக பஸ் மேல் மூட்டை ஏற்றியபோது வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தி, காலில் கயிறு கட்டி, மறுமுனையில் செங்கற்களைத் தொங்கவிட்டார்கள். எலும்பு நேராகக் கூட வேண்டுமாம்.

முதல் பத்து நாள் வலியில் கத்தி ஊரைக் கூட்டினேன். கம்பவுண்டரைத் திட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் இருமினால்கூட எரிந்து விழுந்தேன். அப்புறம் ஒருநாள் காலையில் அதெல்லாம் நின்றுவிட்டது. வலி நிற்கவில்லை. கத்துவதற்கும் கொஞ்சம் உயிராசை வேண்டும், எனக்கு அது போய்விட்டது. மனைவி கொண்டுவந்த கஞ்சியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, செத்தால் தேவலை என்று கிடந்தேன். டாக்டரோ, "இப்பதான்யா நல்ல பேஷண்ட்டா இருக்குற" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலோடு ஓர் ஆளும் சேர்ந்து படுத்திருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

மனைவி மட்டும் ஓயாமல் கேட்பாள். "இன்னாங்க, வலி எப்டி இருக்குது?" ஒரு திங்கட்கிழமை அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல், "வலியே இல்ல, போதுமா? வீட்டுக்குப் போ" என்றேன். போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். முக்காட்டை எடுத்தாள். மொட்டை. இடுப்புவரை தொங்கிய முடி அது. என் வலி நின்றால் முடி கொடுப்பதாக மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருந்தாளாம். "மாதா கேட்டுட்டாங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. வலி நின்றுவிட்டதை டாக்டரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். வலிக்குப் போட்டுவந்த ஊசி அன்றோடு நின்றது.

இனி எந்த வாயால் வலிக்கிறது என்பேன்? சொன்னால் மாதாவும் பொய், அவள் முடியும் வீண். என்மேல் எனக்கு வந்த வெறுப்பு சொல்லி மாளாது. அவள்மேலும் கோபம் வந்தது, அதை மறைக்கப்போவதில்லை. அத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. தேம்பித் தேம்பி அழுதேன். ஒவ்வொரு தேம்பலுக்கும் தொடை அதிர்ந்து உயிர் போயிற்று.

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரர் பக்கம் திரும்பினாள்.

"பாருங்கண்ணா, சந்தோசத்துல அழுவுறாரு."