அங்கே அவர் இருப்பாரா

எங்கள் குடும்பத்தில் சாமி இல்லை என்று சத்தமாகச் சொன்ன ஒரே மனிதர் என் மாமா. அம்மாவின் தம்பி. ஸ்கூடாயில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தார். லீவு கிடைக்கும்போதெல்லாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காஹாங்குக்கு எங்களைப் பார்க்க வந்துவிடுவார். வெள்ளிக்கிழமையாக இருந்தால் எங்களோடு கோயிலுக்கும் வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். வெளியே நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிரசாதம் கொடுக்கும் நேரம் பார்த்துச் சரியாக நுழைவார். "சாமியத்தான் லா நம்பல. சர்க்கரைப் பொங்கல நம்புறேன்" என்பார். அம்மா சிரித்துவிடுவார். அத்தைக்கு மட்டும் முகம் சுருங்கிப்போகும்.

அத்தை என் அப்பாவின் அக்கா. அப்பா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கியவர். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே குளுவாங் போகும் சாலையில் லோரி கவிழ்ந்து இறந்துபோனார். எனக்கு அவருடைய முகத்தைவிடக் குரல்தான் ஞாபகத்தில் இருந்தது. பஜனையில் அவர் பாட ஆரம்பித்தால் கோயிலுக்கு வெளியே நிற்கிறவர்களும் உள்ளே வந்துவிடுவார்களாம். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காத வருசம் கிடையாதாம். அப்படியொரு பக்திமானை இந்த ஊர் பார்த்ததில்லை என்று பார்க்கிறவர்களெல்லாம் என் தலையைத் தடவிச் சொல்வார்கள். சாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அப்பாவின் படம் இருந்தது. கொஞ்ச காலம் அவரையும் ஒரு சாமி என்றே நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். முன் ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்களெல்லாம் எனக்குச் சாக்லெட் வாங்கி வந்தார்கள். அதிலிருந்தே தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் அத்தை அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்.

"அண்ணி, நான் போனா அவரு அங்க இருப்பாரா?"

அத்தையின் கை நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இருக்காம எங்க போயிருவான்? வாசல்லயே நிப்பான் பாரு. உனக்காகத்தானே இத்தன வருசமா காத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. செத்துப்போகப் போகிற நேரத்திலும் புருஷனை நினைத்து ஏங்குகிறாளே என்று அத்தை அடுப்பங்கரையில் போய் அழுதார். நானும் கூடவே போய் அழுதேன்.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரிடமும் அம்மா அதையே கேட்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு ஆன்டி வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் நெற்றியில் சிலுவை போடுவார். அத்தைக்கு அது பிடிக்காது. அவர் போனதும் அந்த இடத்தில் விபூதி பூசிவிடுவார். ஆனால் அப்பா விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போனது. "மோட்சத்துல பிரிவே கெடையாது. நீங்க ரெண்டு பேரும் திரும்ப ஒண்ணாயிருவீங்க" என்றார் ஆன்டி. அம்மா அவர் கையை விட்டுவிட்டார்.

கோயில் பூசாரியும் வந்தார். அப்பாவோடு பஜனை பாடியவர். அவர் இன்னும் தாராளமாகச் சொன்னார். "அங்க மட்டுமா? ஏழேழு ஜென்மத்துக்கும் அவருதாம்மா உங்களுக்கு. அது சாமி போட்ட முடிச்சு. யாராலயும் அவுக்க முடியாது."

அன்றிலிருந்து அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். கண்ணை மூடவும் பயந்தார். மருந்தில் லேசாக அயர்ந்தாலும் திடுக்கிட்டு எழுந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் மத்தியானம் அத்தையிடம் கெஞ்சினார். "நான் சாகக்கூடாது அண்ணி, எப்படியாவது டாக்டர்கிட்ட சொல்லுங்க." மகளை விட்டுப் போக மனமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். பட்டறைச் சட்டையைக்கூட மாற்றவில்லை, எண்ணெய் வாசனை. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மட்டைக் கீழே வைக்க மறந்து அதைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீ சொல்லு. அவரு அங்க இருப்பாரா?"

மாமா கதவருகில் நின்ற அத்தையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் நன்றாகக் குனிந்தார்.

"இல்லக்கா."

"எல்லாரும் இருப்பாருங்கிறாங்க."

"எல்லாருக்கும் என்ன தெரியும்? எரிச்சோம், சாம்பலைக் கடல்ல கரைச்சோம். நான்தானே கூடப் போனேன்? அதோட முடிஞ்சிருச்சு. அங்கன்னு ஒரு எடமே இல்ல. யாரும் நிக்கல. யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க."

"அப்போ நான்?"

"நீ தூங்குவ. அவ்வளவுதான்க்கா. கனவுகூட வராது."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "நீதான் சாமியே இல்லங்கிற. யாரு மேல சத்தியம் பண்ற?" என்றார்.

மாமா தடுமாறிப்போனார். பிறகு, "உன் மேலதான் லா, வேற யாரு மேல?" என்றார்.

அம்மாவின் உதடு சிரிப்பதுபோல் அசைந்தது. அந்த மைலோவைக் கேட்டார். நான் கரண்டியால் கொடுத்தேன், பாதிக் கோப்பை குடித்தார். பிறகு தூங்கிப்போனார். பல நாட்களுக்குப் பிறகு அசையாமல், வாய் லேசாகத் திறந்து, குழந்தைபோல் தூங்கினார்.

அத்தை மாமாவை வாசலுக்கு இழுத்துப் போய்விட்டார். தெருவே கேட்கும்படி கத்தினார். "சாகப்போற பொம்பளகிட்ட பேசுற பேச்சாடா இது? ஒன் திமிரக் காட்ட வேற எடம் கெடைக்கலயா? இனிமே இந்தப் பக்கம் வராத!" மாமா மோட்டாரைக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய், வீட்டுக்குச் சத்தம் கேட்காத இடத்தில்தான் கிளப்பினார்.

அந்த வாரமே அம்மா போய்விட்டார். கடைசிவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சாமி வந்து மனசைச் சாந்தப்படுத்திவிட்டார் என்றார் பூசாரி. ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்றார் ஆன்டி.

சடங்கின்போது மாமாவை உள்ளே விடவில்லை. "ஒண்ணுமே இல்லன்னு சொன்னவன் வாய்க்கரிசி போட்டு என்னத்துக்கு?" என்று அத்தை கேட்டார். அது நியாயம்தான் என்று ஊரும் சொன்னது. கூடப் பிறந்தவர், தெருவில் நிறுத்தியிருந்த வேன்களுக்கு நடுவில் கைகட்டி நின்றார். நான் கேட் வரைக்கும் போனேன். என் அளவுக்கு யோசித்து ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன்.

"நீங்க பொய் சொன்னீங்க மாமா. அம்மா இப்போ அப்பாகிட்ட போய்ச் சேந்துட்டாங்க."

நான் மாமாவை அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. முகம் அப்படியே வெளுத்துவிட்டது. "அப்படிச் சொல்லாத பாப்பா" என்றார். "வேற என்ன வேணும்னாலும் சொல்லு, அத மட்டும் சொல்லாத." நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து உள்ளே ஓடிவந்தேன்.

வளர்த்தது அத்தைதான். அன்பாகவே வளர்த்தார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருசம் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். "கை நீட்டாதவனா பாத்துக்கோமா. ஒங்கப்பன் பஜனையில உருகுவான், வீட்டுக்கு வந்தா வேற ஆளு. அவன் அறைஞ்சுதானே ஒங்கம்மாவுக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. லோரி மட்டும் கவுந்திருக்கலன்னா அவளைக் கொன்னே போட்டிருப்பான்."

"தெரிஞ்சுமா அத்தை, அவரு வாசல்ல காத்துக்கிட்டு நிப்பாருன்னு அம்மாகிட்ட சொன்னீங்க?"

அத்தை கீரையைக் கீழே வைத்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. "வேற என்னத்தச் சொல்றது? புருஷன்தானே? செத்தப்புறம் திருந்தியிருப்பான்னு நெனச்சேன்."

அந்த வாரக் கடைசியில் ஸ்கூடாய்க்குப் போனேன். மாமா அப்போது சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருந்தார். சாலையில் கார்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் கத்திக் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"செத்ததுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா மாமா?"

"எனக்கெப்படி லா தெரியும்? செத்தா பாத்தேன்?" என்றார் அவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்கா கேட்டா. அவன் இருப்பான்னு சொன்னா அவ எப்படி லா சாவா?"



உன் அம்மா மேலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று இப்போதும் சொல்கிறார்கள். என் கல்யாணத்தில் சொன்னார்கள், பிள்ளை பிறந்தபோது சொன்னார்கள். நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் அம்மா இருக்கிற இடத்தில் அப்பாவும் இருப்பார். அவரை மட்டும் வெளியே நிறுத்துகிற ஒரு சொர்க்கத்தைப் பற்றி எந்தக் கோயிலிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. விரதமும் காவடியும் அவர் கணக்கில்தான் அதிகம். ஆகவே ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவை எரித்துவிட்டு மின்சுடலையிலிருந்து திரும்பிவந்த அன்று சாயங்காலம், தலைக்கு ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட, நான் சாமி அறையில் போய் நின்றேன். பெரியவர்கள் ஹாலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெயர் தெரிந்த எல்லாச் சாமிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பக்கத்து வீட்டு ஆன்டியின் ஏசுவையும் சேர்த்துக்கொண்டேன். கண்ணை இறுக்கி மூடி, வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி மனம் உருகி வேண்டியதில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எங்க அப்பாவையும் அம்மாவையும் இனிமே எப்பவும் பிரிச்சிடாதீங்க.