பிரேக் இல்லாமல் கிள்ளான் வரை

சைக்கிள் பந்தயம் ஓட்டிச் சம்பளம் வாங்குவது என்பது, கால் நோகப் பிழைத்தாலும் ஒருவரும் நம்பாத தொழில். முதலாளியின் முகம் பார்த்தே வயிறு வளர்க்கும் அன்பர்களே, உங்களுக்காவது என் பாடு புரியும்.

ராஜினாமா

கோலாலம்பூரில், செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் சைக்கிள் கடை வைத்திருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, தன் கடைச் சைக்கிளைப் பந்தயங்களில் ஓட்டினால் மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார். சைக்கிள் ஜெயித்தால் ஊரே அதை வாங்கும் என்பது அவர் கணக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறை வேலையை விட்டேன்; வேலையோடு குவார்ட்டர்ஸும் போனது. நானும் மனைவி கமலமும் ஒற்றை அறைக்குக் குடிபோனோம்.

விஷயம் கேட்ட என் மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "தபால்காரன்கூட சைக்கிள் ஓட்டுறதுக்குச் சம்பளம் வாங்கல தம்பி. கடுதாசி குடுக்குறதுக்குத்தான் வாங்குறான்."

எடைக் குறைப்பு

முதல் இரண்டு பந்தயங்களிலும் தோற்றேன். மூன்றாவது, கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை. தவுக்கே சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து மணி, மட்கார்டு, கடைசியில் பிரேக்கையும் கழற்றினார். எல்லாம் வீண் எடையாம்.

நான் பயப்படவில்லை. பந்தயச் சைக்கிளின் பின்சக்கரத்தில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் உண்டு. ஒரு பக்கத்தில் சங்கிலியை மாட்டினால், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும்; காலைப் பின்னுக்கு அழுத்தினால் வண்டி நிற்கும். சக்கரத்தைத் திருப்பி மறுபக்கத்தில் மாட்டினால் சாதாரணச் சைக்கிள்தான், காலால் நிறுத்த முடியாது. நான் எப்போதும் முதல் பக்கத்தில்தான் ஓட்டுவேன். என் காலே என் பிரேக். தவுக்கே எங்கள் ஆட்களிடமே தமிழ் கற்றவர். சுருக்கமாகச் சொன்னார்: "இதுவும் தோத்தா சைக்கிள கடையில விட்டுடு. நீ வேற வேலை பாரு லா."

இறக்கம்

பந்தயத்தன்று காலை கமலம் சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்திருந்தாள். கண்ணாடி போல மின்னிய சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். வழி முழுக்க விடாமல் மிதித்தேன். கிள்ளானுக்கு முன்னால் ஒரு நீண்ட இறக்கம். எனக்கு முன்னால் ஐந்து பேர். வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னுக்கு அழுத்தினேன். பெடல் வெறுமனே பின்னால் சுற்றியது.

எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடி அழுத்தினேன்; மறுபடியும் அதேதான். செருப்பை டயரில் வைத்துத் தேய்த்தேன். செருப்பு போனது, வேகம் போகவில்லை. காலால் நிதானித்து இறங்கிய ஐந்து பேரையும் கத்திக்கொண்டே தாண்டினேன். பந்தய முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் திடலுக்குள் பாய்ந்து, கால்பந்து வலையில் மீன் போல விழுந்தேன். முதல் பரிசு. இரண்டாவதாக வந்த பையன் வலையைப் பிரித்து என்னை வெளியே எடுத்தான். "ஏண்ணே, உங்களுக்கு வீட்டுல யாருமே இல்லியா?"

வீட்டில்

இருந்தாள். அவளிடம்தான் சாயங்காலம் கேட்டேன், சைக்கிளை யாராவது தொட்டார்களா என்று. கமலம் பெருமையாகவே சொன்னாள். முந்தின நாள் பின்சக்கரத்தைக் கழற்றி, பாத்திரம் போலப் புளி போட்டுத் துலக்கினாளாம். ஒரு பல்சக்கரம் தேய்ந்து கறுத்திருந்ததாம். மறுபக்கம் இருந்தது புத்தம் புதுசு. நாளும் கிழமையுமாகப் பழசோடு அனுப்ப மனம் வரவில்லையாம்; சக்கரத்தைத் திருப்பிச் சங்கிலியைப் புதுசில் மாட்டிவிட்டாளாம்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் செத்திருந்தால் அவள் கைதான் காரணம். வேலை நிலைத்ததற்கும் அதே கைதான். திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்து அவள் என் முகத்தைத் துடைத்தாள்.

"அழாதீங்க. அடுத்த பந்தயத்துக்கும் நானே மாத்தி வைக்கிறேன்."

நிறுத்த வழி தெரியாமல் ஓடியவனுக்குத்தான் கிள்ளான்காரர்கள் அன்று 'பயமறியாத மாணிக்கம்' என்று பெயர் வைத்தார்கள்.