அம்மாவின் மூடிய கை

நான் பிறந்த சில மாதங்களிலேயே என்னைத் தத்துக் கொடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நான் செய்த குற்றம், அம்மாவின் கைகளை முடக்கிவிட்டுப் பிறந்தது. இதை நினைத்தால் முதலில் எனக்குக் கோபம் வரும். பிறகு சிரிப்பு வரும். கடைசியில் இரண்டு பெண்களை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஒருத்தி என்னைப் பெற்ற தாயம்மா. இன்னொருத்தி என்னை வாங்கிக்கொண்டு போக வந்த அந்தோனியம்மாள்.

சிரம்பான் பக்கம், மம்பாவைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டினாள், அதாவது உளியால் பட்டையைச் சீவிப் பால் எடுத்தாள். அப்பா சன்னாசிக்கு ரப்பர் உலர்த்தும் புகைக் கொட்டகையில் வேலை. மலாயாவில் அது வெள்ளைக்காரன் அறிவித்த அவசர காலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட்டு வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. நன்றாக விடிந்த பிறகுதான் கேட்டைத் திறப்பார்கள். வெளியே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஆண்களைப் பார்க்கப் போலீஸ்காரர்கள் இருந்தார்கள். பெண்களைப் பார்க்க பக்கத்து ஊரான ராசாவிலிருந்து அந்தோனியம்மாளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்.

அண்ணன் முருகையா நடக்கத் தொடங்கிய காலத்தில் அம்மாவுக்கு வியாதி வந்தது. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கிச் சுட்டன. தூங்கி எழுந்தால் மடங்கிய விரல் மடங்கியபடியே நிற்கும். வெயில் ஏற ஏறத்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும். வாயு என்றார்கள், குளிர்ந்த தண்ணீர் என்றார்கள், நொச்சி இலையைக் கட்டி ஒத்தடம் கொடுத்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இடத்தில் இருந்து மருந்து கொடுத்த டிரெஸர் இராஜமாணிக்கம் மட்டும் உள்ளதைச் சொன்னார்.

"இது முடக்குவாதம்மா. வலிக்கு மாத்திர குடுக்கறேன். வேரைப் புடுங்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல."

அந்த நேர்மைக்காகவே அவர் மீது எனக்கு மரியாதை உண்டு. தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வருகிறது?

வேலி போடுவதற்கு முன்பெல்லாம் இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மாவால் உளியைப் பிடித்திருக்கவே முடியாது, என்றைக்கோ வேலை போயிருக்கும். வேலி வந்த பிறகு பெரட்டும் தள்ளிப் போயிற்று. வெயில் வந்தால் மரத்தில் பால் குறையும் என்று தோட்டமே ஊரடங்கைத் திட்டித் தீர்த்தது. அம்மா மட்டும், "எந்த மகராசன் போட்ட சட்டமோ, அவன் புள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்" என்பாளாம். வெள்ளைக்காரன் சட்டத்துக்கு அந்தத் தோட்டத்தில் கிடைத்த ஒரே ஆசீர்வாதம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் கேட்டைத் தாண்ட வேண்டுமே. வியாதி வந்த புதிதில் ஒருநாள், இரண்டு கையையும் பொத்திக்கொண்டு வந்து நின்றவளை அந்தோனியம்மாள் நிறுத்தினாள்.

"கைய விரி."

"வரலக்கா."

"உள்ள என்னா வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. சீக்கு. விடிஞ்சா இப்படித்தான் மூடிக்குது."

பின்னால் நின்ற போலீஸ்காரன் "செப்பாட்! செப்பாட்!" என்று அவசரப்படுத்தினான். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் ஜெயில்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டியது அந்தோனியம்மாளின் வேலை. நெம்பித் திறந்திருக்கலாம். அவள் அம்மாவின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துச் சற்று நேரம் பொத்திக்கொண்டாள். தன் கைச்சூடு உள்ளே இறங்கியதும் கட்டைவிரலை விலக்கினாள். பிறகு மற்ற விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் நிமிர்த்தினாள். உள்ளே ஒன்றுமில்லை.

அன்று தொடங்கி அது தினப்படி வழக்கமாகிவிட்டது. உள்ளே அரிசி இல்லை என்று கேட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சோதிக்கச் சொல்வது சட்டம், அவள் சோதித்தாள். வரிசையில் யாராவது முணுமுணுத்தால், "பொறுங்கலா, உள்ள துப்பாக்கி வச்சிருக்காளான்னு பாக்க வேணாமா?" என்பாள். அந்தக் கை இளகித்தான் அம்மா அன்றன்றைக்கு உளியைப் பிடித்தாள். எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

பிற்காலத்தில் நான் சிரம்பானில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவின் மூட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மூட்டின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. எலும்பும் எலும்பும் உரசாமல் வழவழப்பாக ஒரு நீரைச் சுரப்பது அதன் வேலை. இந்த வியாதியில், உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள் அந்த இடத்தில் ஆள் தெரியாமல் போய்விடுகின்றன. சொந்தப் புரதத்தையே அந்நியன் என்று நினைத்து, டி செல்கள் கூக்குரல் போடுகின்றன. பி செல்கள் அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைச் செய்து அனுப்புகின்றன. மேக்ரோஃபேஜ் என்னும் பெருந்தீனி அணுக்கள் திரண்டு வந்து, டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 என்று சேதி சொல்லும் புரதங்களைக் கொட்டுகின்றன. "இங்கே வா, எதிரி இங்கேதான் இருக்கிறான்" என்பதுதான் அந்தச் சேதி. அதைக் கேட்டு இரத்தக் குழாய்கள் கசிகின்றன, நீர் கோத்துக்கொள்கிறது, மூட்டு வீங்கிச் சுடுகிறது. சவ்வின் அணுக்களே கண்டபடி பெருகி, கொடி படர்வதுபோல் குருத்தெலும்பின் மேல் படர்ந்து அதை அரிக்கின்றன. எலும்பைத் தின்னும் அணுக்களும் அந்தச் சேதியால் விழித்துக்கொள்கின்றன. கடைசிவரை எதிரி என்று ஒருவரும் வரவேயில்லை! காவலுக்கு நின்றவர்கள் சொந்தச் சனத்தைச் சந்தேகப்பட்டு வீட்டை இடித்த கதைதான். வேலிக்குள் பிறந்த எனக்கு இதைப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

விடியலில் ஏன் மோசம் என்பதற்கும் காரணம் உண்டு. இந்தக் கலவரத்தை அடக்குகிற கார்டிசால் என்ற சுரப்பு இரவில் குறைந்துபோகிறது. இன்டர்லூகின்-6 விடியற்காலையை ஒட்டி உச்சத்துக்கு ஏறுகிறது. தோட்டத்தில் ஊரடங்கு இருந்த நேரத்தில் அம்மாவின் மூட்டுக்குள் மட்டும் நடமாட்டம் அதிகமாக இருந்திருக்கிறது.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டுக் கடைசியில் நான் அம்மாவின் வயிற்றுக்கு வந்தேன். வயிறு தெரியத் தொடங்கிய சமயத்தில், ஒருநாள் காலை கேட்டில் அம்மா தானாகவே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். வீக்கமில்லை, சூடில்லை. அந்தோனியம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடி பாவி, எனக்கு வேல இல்லாம பண்ணிட்டியே!" என்று சொல்லிக் கட்டிக்கொண்டாளாம்.

மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்றார் அப்பா. தான் காய்ச்சிக் கொடுத்த எண்ணெய் என்றாள் அப்பாவின் அக்கா, என் முத்தாயி அத்தை. வயிற்றில் கிடந்த என்னை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் உடம்பில் பாதி தகப்பனுடையது, அதாவது தாயின் அணுக்களுக்கு அது அந்நியம். அதைத் தாக்காமல் இருக்க, அந்த மாதங்களில் "அடங்கு" என்று மற்றவற்றை அமர்த்தும் ஒருவகை டி செல்கள் பெருகுகின்றன. கர்ப்பத்தில் ஊறும் சுரப்புகளும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. அந்தச் சமாதானத்தில் மூட்டுகளும் தப்பிக்கின்றன. எல்லாப் பெண்களுக்கும் இப்படி வாய்ப்பதில்லை, ஆனால் நிறையப் பேருக்கு வாய்க்கிறது. அம்மாவுக்கு வாய்த்தது. பிள்ளை பிறந்துவிட்டால் சமாதானமும் முடிந்துவிடும்.

அம்மாவுக்கும் அப்படித்தான் முடிந்தது. நான் பிறந்து சில வாரங்களில் விரல்கள் முன்னைவிட மோசமாக மூடிக்கொண்டன. மணிக்கட்டும் முழங்காலும் சேர்ந்து வீங்கின. அத்தை என் தொட்டிலை எட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"கைய எப்பிடிப் பொத்தி வச்சிருக்கா பாரு. ஆத்தா கையத் திருடிக்கிட்டுல்ல பொறந்திருக்கா."

எந்தப் பிள்ளை ஐயா கையை விரித்துக்கொண்டு பிறக்கிறது? ஆனால் லயத்தில் அது பற்றிக்கொண்டது. பிள்ளையை வேறு வீட்டுக்குக் கொடுத்தால் தாய்க்குக் கை வந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்பா கெட்டவரில்லை. ஒற்றைச் சம்பளம், வேலைக்குப் போக முடியாமல் தாங்கித் தாங்கி நடக்கும் மனைவி, இரண்டு பிள்ளைகள். சொல்கிறவர்கள் சொல்லச் சொல்ல அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று.

அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் குளிப்பாட்டும்போது நான் அவள் கையிலிருந்து வழுக்கித் தொட்டித் தண்ணீருக்குள் போய்விட்டேன். பக்கத்திலிருந்த அத்தைதான் பாய்ந்து தூக்கினாள். அதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் அவளே வாய் திறந்தாள்.

"எங்கிட்ட இருந்தா புள்ள செத்துப்போகும் அண்ணி. குடுத்துருவோம். குடுக்கறதுன்னா அந்தோனியம்மா அக்காவுக்குத்தான் குடுப்பேன். அவங்க கை நல்ல கை."

அந்தோனியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. புருஷன் டொனால்ட் பஸ் கண்டக்டர். மாத்திரை வாங்கப் போகிற வழியில் கேட்டில் வைத்து அம்மா விஷயத்தைச் சொன்னபோது, அவள் வரிசையை மறந்து நின்றுவிட்டாளாம். அழுதாளாம். அந்த வாரமே கவுன் தைத்தாள், தொட்டில் வாங்கினாள், ராசா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

குறித்த நாளில் காலை சோதனை முடிந்ததும் லயத்துக்கு வந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எனக்குப் பால் கொடுத்து முடித்து மடியில் வைத்திருந்தாள். என்னைச் சுற்றியிருந்த துணி அவள் வலது கைக்குள் இருந்தது. அத்தை என்னைத் தூக்கினாள். துணி இழுத்துப் பிடித்தது.

"விடு தாயம்மா."

"கை வரல அண்ணி."

அப்பா குனிந்து ஒரு விரலைப் பிடித்து இழுத்தார். அம்மா பல்லைக் கடித்ததைப் பார்த்து விட்டுவிட்டார். அத்தை திரும்பினாள்.

"நீதான தெனம் தொறந்தவ. வந்து தொற."

அந்தோனியம்மாள் கீழே உட்கார்ந்தாள். முன்பு தினமும் கேட்டில் செய்ததுபோலவே அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். நான் தூங்கிப்போனேனாம். பிறகு தன் கைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னிக்கி வராதுலா. விட்டுருங்க."

"அப்ப நாளைக்கி?" என்றாள் அத்தை.

"நாளைக்கும் வராது."

தைத்துக் கொண்டுவந்த கவுன்களை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்தோனியம்மாளாலேயே திறக்க முடியாத கையை இனி யார் திறப்பது என்று பேச்சு அத்தோடு நின்றுபோயிற்று. அவள் அதோடு விடவில்லை. ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் மண்டோர் நல்லசாமியிடம் அவளே போய்ப் பேசி, வெயில் ஏறிய பிறகு மரத்தில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைச் சேர்க்கும் வேலையை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தாள்.

வேலி ஒருநாள் போனது, சோதனையும் போனது. நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் ராசாவில் அந்தோனியம்மாள் வீட்டில்தான் தங்கிப் படித்தேன். தோட்டத்தில் என் பெயர் வேறு, ராசாவில் நான் மேரி. அந்தப் படிப்புதான் என்னைப் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். இன்று அந்த ஊசி போட்டுக்கொண்டு, விரல் நிமிர்ந்து, பையைத் தானே தூக்கிக்கொண்டு போகும் பெண்களைப் பார்த்தால் எனக்கு வயிறு குளிர்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் யாரானாலும் நன்றாக இருக்கட்டும்.

"அன்னிக்கிக் கை வரல, அதனால தப்பிச்ச" என்றுதான் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய காரியம் முடிந்து ராசாவுக்குப் போனபோது, அந்தோனியம்மாள் பெரியம்மாவிடம் கேட்டேன்.

"அன்னிக்கி ஒங்களாலகூடவா பெரியம்மா தொறக்க முடியல?"

அந்தோனியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சீக்குப் புடிச்ச கைய எனக்குத் தெரியாதாலா மேரி? என் கைக்குள்ள வச்சா தானா எளகும். அன்னிக்கும் எளகுச்சு. நல்லாவே எளகுச்சு. எளகின பொறவும் ஒங்கம்மா துணிய விடல."

சொல்லிவிட்டுக் காபி போட எழுந்தாள். நான் அவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, அழுதுகொண்டே போய்க் காபியைப் போட்டேன்.