வாக்காளர் பட்டியலில் என் பெயர்

நான் வளைகுடாவில் வேலை பார்க்கும் நர்ஸ். எந்த நாடு என்று எழுதவில்லை. அடித்துத் துன்புறுத்திய கணவரிடமிருந்து தப்பி வந்தவள் நான். நான் வெளிநாட்டில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

ஊரில் தேர்தல் வரப்போகிறது. லீவில் போய் ஓட்டுப் போடலாம் என்று, டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் மொபைலில் வெளிநாடு வாழ் வாக்காளராக விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியை நிரப்பியதும் அறைத்தோழி பதறினாள்.

“எக்கா, அது அவரு வீடுல்லா? விசாரிக்க ஆபீசர் அங்கதான் போவாரு. லிஸ்ட்லயும் வெளிநாடுன்னு தனியா வரும். யாரு வேணும்னாலும் பாக்கலாம்.”

நல்லவேளையாக இன்னும் அனுப்பவில்லை. தேர்தல் ஆணைய உதவி எண்ணுக்குப் போன் செய்தேன்.

“பேரு வெளிய தெரியாம பதிய முடியுமா சார்?”

“அப்படி எதுவும் இல்லம்மா. பேரை எதுக்கு மறைக்கணும்?”

போனை வைத்துவிட்டேன். ஓட்டுப் போடவும் ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் எங்கே பெயர் கேட்டாலும், யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்ட பிறகே கொடுக்கிறேன். போன வாரம் சர்ச்சில் ஜெபத்துக்குப் பெயர் கேட்டார்கள். “மைக்கில வாசிப்பீங்களா?” என்று கேட்டேன்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி